அறுத்த வயலில் நின்ற மான்

ப்ளூம் க்ரீக் பண்ணை, விஸ்கான்சின்
ஆகஸ்ட் 10, 1986

அன்புத் தம்பி கேலனுக்கு,

அக்கா எழுதுகிறேன். நானும் அப்பாவும் நாற்பது மாடுகளும் சௌக்கியம். உன் முதுகு வலி குறைந்ததா? கப்பல் சமையல்காரர் இன்னும் எல்லாவற்றிலும் மிளகைக் கொட்டுகிறாரா?

நீ கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன். உன் மான் கிழிகாதன் வந்துவிட்டான். சாயங்காலக் கறவை முடிகிற நேரத்துக்கு மேட்டுக் காட்டிலிருந்து இறங்கி சோயா வயலில் வந்து நிற்கிறான். கூடவே இரண்டு இளவட்டக் கடாக்கள். பால் அறை ஜன்னலிலிருந்து தினமும் பார்க்கிறேன். இடது காது அதேபோல இரண்டாகத் தொங்குகிறது. கொம்பை இன்னும் மொசுமொசுவென்று தோல் மூடியிருக்கிறது. போன வருஷத்தைவிட ஒரு சாண் அகலம் கூடியிருக்கும். நான் வேட்டைக்குப் போகிறவள் இல்லை, எனக்கே கை நின்றுவிட்டது.

அப்பா தன் வேட்டை வில்லைக் கடைக்குக் கொண்டுபோய், லேசாக இழுக்க வரும்படி இழுவையைத் தளர்த்தி வாங்கி வந்திருக்கிறார். "வில் வேட்டை சீசன் தொறக்கற அன்னிக்கே போறேன்" என்று இப்போதே சொல்லிக்கொண்டு திரிகிறார். நீ வழக்கம்போல நவம்பரில் வருவாய்தானே? தேதியை எழுது. உன் அறையில் விதை மூட்டைகளை அடுக்கியிருக்கிறேன், நகர்த்த வேண்டும்.

வேளாவேளைக்குச் சாப்பிடு.

ஆர்லிஸ்

&nbsp;

'எட்வின் ஹால்ஸ்டெட்' கப்பல், ஹூரான் ஏரி
ஆகஸ்ட் 22

அன்புள்ள அக்கா,

டெட்ராய்டில் தபால் படகு வந்து, வாளியில் போட்டு, கயிற்றில் இழுத்து, உன் கடிதம் என் கைக்கு வந்தபோது பாதி நனைந்திருந்தது. நல்லவேளை, கிழிகாதன் இருந்த பாதி காய்ந்தே இருந்தது. முதுகு பரவாயில்லை. மிளகு குறையவில்லை. உன் முழங்கால் எப்படி இருக்கிறது?

இப்போது நான் சொல்வதைக் கவனமாகக் கேள். வில்லோடு திரிகிறாரே, அவரைக் காட்டுக்குள் விடாதே. ஆகஸ்டில் மான் வயலில் நின்று போஸ் கொடுப்பதைப் பார்த்து ஏமாறுகிறவர்கள்தான் இந்த ஊரில் பாதிப் பேர். செப்டம்பர் புழுக்கத்தில் வேர்த்து விறுவிறுத்து மேட்டு மரத்தில் கட்டிய பரணில் ஏறினால், ஆள் இறங்கிப் போன பிறகும் வாடை அங்கேயே உட்கார்ந்திருக்கும். கிழிகாதன் மாதிரிக் கிழட்டுக் கடா ஒரு தடவை மோந்தால் போதும், அதற்குப் பிறகு பகலில் தலையே காட்டாது. போன வருஷம் அதுதானே நடந்தது? சீசன் திறந்த மறுநாளே வாயில் புகையும் பைப்போடு மேட்டுக்கு ஏறினார். நான் நவம்பரில் வந்து, பனி மழையில் எட்டு நாள் உட்கார்ந்து, ஓர் அணிலைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். அதைச் சொன்னதற்கு நன்றி நாள் விருந்து மேஜையில் என்ன சொன்னார்? "வருஷத்துக்கு ரெண்டு வாரம் விருந்தாளியா வர்றவனுக்கு, மான் மட்டும் மொதலாளி மாதிரி வேணுமோ?" பதிலுக்கு நான் சொன்னதையும் நீ கேட்டாய். அதை மறுபடி எழுதவில்லை.

நவம்பர் வரட்டும். பெட்டை வாடை மூக்கில் ஏறிவிட்டால் எப்பேர்ப்பட்ட கடாவுக்கும் புத்தி பேதலித்துவிடும். பட்டப்பகலில் பரணுக்கு அடியிலேயே ஓடிவரும். அதுவரை அந்தக் காட்டில் ஈ காக்கை நுழையக் கூடாது.

கிழிகாதன் அங்கே இருக்கிறான் என்றால் நவம்பர் முதல் வாரம் வருகிறேன். இல்லையென்றால் இந்த வருஷம் லீவே எடுக்கப்போவதில்லை, ஏரி உறையும்வரை கப்பலில் இருந்துவிடுவேன். அந்த மேஜையில் இன்னொரு தடவை உட்கார எனக்கு வேறு காரணம் எதுவும் இல்லை.

முழங்காலுக்கு ஒத்தடம் கொடு.

கேலன்

&nbsp;

ப்ளூம் க்ரீக்
ஆகஸ்ட் 30

லவோன் சித்திக்கு,

அரிசோனா வெயில் உங்கள் மூட்டுகளுக்கு ஒத்துக்கொள்கிறதா? 'எல்லோரும் சௌக்கியம்' என்று எழுதியே எனக்குக் கை பழகிவிட்டது. அம்மா போன பிறகு எனக்கு உண்மையை எழுத உங்களைத் தவிர ஆள் கிடையாது.

அப்பாவுக்கு நெஞ்சு சரியில்லை. ஜூலையில் வைக்கோல் ஏற்றும்போது மார்பைப் பிடித்துக்கொண்டு ட்ராக்டர் நிழலில் உட்கார்ந்துவிட்டார். லா க்ராஸில் டாக்டர் படம் எடுத்துப் பார்த்தார். மூன்று குழாயில் அடைப்பு. பனிக்காலத்துக்கு முன்னால் ஆபரேஷன் செய்தாக வேண்டும், இல்லையென்றால் ஒருநாள் கொட்டகையிலேயே விழுந்துவிடுவார் என்றார். அப்பா தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு, "நாப்பது மாட்டை யாரு கறப்பா? நீங்களா?" என்று டாக்டரையே கேட்டார்.

கூலிக்கு ஆள் வைக்கலாம் என்றேன். கண்டவன் கை பட்டால் மாடு பாலை அடக்கிவிடுமாம். என் ஒருத்தியால் இரண்டு வேளையும் ஒரு மாதம் தள்ள முடியாது என்பது அவருக்கும் தெரியும். அப்படியென்றால் கேலனைக் கூப்பிடுகிறேன் என்றேன். முகம் கறுத்துப்போயிற்று.

"அவனா வந்தா வரட்டும். வந்து கறக்கட்டும், நான் போய்ப் படுத்துக்கறேன். ஆனா என் நெஞ்சைக் காட்டி அவனைக் கூப்பிட்டேன்னு வை, அந்த ஆஸ்பத்திரி வாசல்ல கால வைக்கமாட்டேன். சத்தியம் பண்ணு."

பண்ணித் தொலைத்தேன், சித்தி. அம்மாவின் பாமாலைப் புத்தகத்தின் மேல்.

ஆக, அப்பாவுக்கு மகன் தானாக வர வேண்டும். மகனுக்கோ மான் இருந்தால்தான் கால் வரும். நடுவில் என்னிடம் இருப்பது காது கிழிந்த ஒரே ஒரு மான். நவம்பர்வரை அது பிழைத்துக் கிடந்தால் அப்பாவும் பிழைப்பார். இரண்டு பேர் தலையையும் பிடித்து மோதினால் என்ன என்று வருகிறது.

மருந்தை மறக்காமல் சாப்பிடுங்கள்.

ஆர்லிஸ்

&nbsp;

டூசான், அரிசோனா
செப்டம்பர் 8

ஆர்லிஸ் கண்ணு,

என் மூட்டுக்கு ஒன்றும் கேடில்லை, உன் கடிதத்தைப் படித்து ரத்தம்தான் கொதிக்கிறது. உன் அம்மா அந்த மனுஷனைக் காட்டியபோதே, "அக்கா, இது ஆளில்ல, வேலிக்கம்பம்" என்று சொன்னேன். கேட்டாளா? இப்போது பார், வேலிக்கம்பத்துக்கு ஒரு குட்டிக் கம்பமும் பிறந்து கப்பலில் நிற்கிறது.

சத்தியம் செய்துவிட்டாய், சரி. அப்படியானால் மானைக் காப்பாற்று. சீசன் திறக்கிற அன்று அவருடைய பூட்ஸை எங்கேயாவது ஒளித்து வை. பூட்ஸ் இல்லாமல் எங்கே போய்விடுவார்?

நேரத்துக்குத் தூங்கு.

சித்தி

&nbsp;

ப்ளூம் க்ரீக்
செப்டம்பர் 22

சித்தி,

பூட்ஸை ஒளித்து வைத்தேன். செருப்போடு போனார்.

நீங்கள் சௌக்கியமா என்று கேட்கக்கூட எனக்கு இப்போது பொறுமை இல்லை. சௌக்கியமாக இருங்கள்.

சனிக்கிழமை சீசன் திறந்தது. மத்தியானம் படுத்திருக்கிறார் என்று நினைத்தேன். ஆள் பழைய கறவை முக்காலியைத் தூக்கிக்கொண்டு சோயா வயல் ஓரம் போய், ஒரு வைக்கோல் கட்டுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறார். மேட்டுப் பரண் பக்கமே போகவில்லை. ஆறு மணிக்கு நான் பதினோராவது மாட்டுக்குக் கறவை மெஷின் குழாயை மாட்டிக்கொண்டிருக்கிறேன், வாசலில் வந்து நிற்கிறார். முகம் வெளுத்து, சட்டை நனைந்து, வாயெல்லாம் பல்.

"பாத்தியா? நவம்பர் வரைக்கும் காத்துக் கெடக்கணுமாம்! மாசம் பூரா அதே வழியிலதானே எறங்குச்சு? தன்னை ஒருத்தன் தேடறான்னு அதுக்குத் தெரியறதுக்குள்ள முடிச்சுடணும். மொத நாளு! செருப்போட!"

நான் வாளியைக் கவிழ்த்துப்போட்டு அதன் மேல் உட்கார்ந்து அழுதேன். சந்தோஷத்தில் அழுகிறேன் என்று நினைத்து முதுகில் தட்டிக்கொடுத்தார்.

மானை ட்ராக்டரில் கட்டி இழுத்து வந்ததும் நான்தான். பிறகு வழக்கம் இருக்கிறதே, அன்று சாப்பாட்டுக்கே அதன் இதயத்தை வெங்காயம் போட்டு வெண்ணெயில் வறுக்க வேண்டும். வெண்ணெயைக் கண்ணால்கூடப் பார்க்காதே என்று டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டு ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறது. அதற்கு முன்னால் நின்றுகொண்டு வறுத்தேன். அவர் இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

"கேலனுக்கு எழுது" என்றார்.

"என்னன்னு?"

"நான் அடிச்சேன்னு எழுது. வேறென்ன?"

எழுதவில்லை. எழுதினால் அவன் வரமாட்டான். இனி இந்தச் செத்த மானை நவம்பர்வரை நான்தான் மேய்க்க வேண்டும்.

ஆர்லிஸ்

&nbsp;

ப்ளூம் க்ரீக்
செப்டம்பர் 25

அன்புத் தம்பி கேலனுக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம். நீயும் அப்படியே இருப்பாய் என்று நம்புகிறேன்.

கிழிகாதன் நன்றாக இருக்கிறான். தினமும் வருகிறான். கொழுத்திருக்கிறான். அப்பா இந்த வருஷம் மேட்டுக்குப் போகவே இல்லை, அது நிஜம். லீவு கிடைத்துவிட்டதா?

அக்கா

&nbsp;

டுலூத் துறைமுகம்
அக்டோபர் 4

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தைச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு திரிகிறேன். சௌக்கியம் என்ன சௌக்கியம், முதுகு வலியே பறந்துவிட்டது. நவம்பர் மூன்றிலிருந்து லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன்.

அவர் மேட்டுக்குப் போகவில்லையா? நம்ப முடியவில்லை. ஒருவேளை நான் சொன்னது உறைத்திருக்கலாம். உறைத்ததாக அவரிடம் கேட்டு வைக்காதே, உடனே கிளம்பிவிடுவார்.

எனக்குச் சில விவரம் வேண்டும். மேட்டில் ஓக் கொட்டை விழ ஆரம்பித்துவிட்டதா? கிழிகாதன் எந்தப் பக்கமிருந்து இறங்குகிறான்? தனியாக வருகிறானா? மரப்பட்டையில் கொம்பைத் தேய்த்த தடம் கண்ணில் பட்டதா? மானைப் பற்றி இத்தனை அக்கறையாக நீ எழுதுவது இதுதான் முதல் தடவை. சந்தோஷமாக இருக்கிறது.

முழங்கால் தேவலையா?

கேலன்

&nbsp;

ப்ளூம் க்ரீக்
அக்டோபர் 11

அன்புத் தம்பி கேலனுக்கு,

நலம். முழங்காலும் நலம்தான். இரண்டு வேளையும் நானே கறப்பதில் விரல்தான் மரத்துப்போகிறது, எழுத்துக் கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். போன சனிக்கிழமை சோயா அறுத்தாயிற்று. பக்கத்துப் பண்ணை மெஷின் வந்தது, ஒரே நாளில் வேலை முடிந்தது. சர்ச் விருந்துக்கு உருளைக்கிழங்கு கேசரோல் செய்து கொண்டுபோனேன், அடி பிடித்துவிட்டது. யாரும் முகத்துக்கு நேரே சொல்லவில்லை.

நீ கேட்ட விவரம். கிழிகாதன் மேட்டுப் பக்கமிருந்துதான் இறங்குகிறான். தனியாக இல்லை, அந்த இரண்டு இளவட்டங்களும் கூடவே வருகின்றன, மூன்றும் ஒற்றுமையாக இருக்கின்றன. நேற்றுக்கூடச் சாயங்காலம் சோயா வயலில் நின்று இலையைக் கடித்துக்கொண்டிருந்தான். ஓக் கொட்டை பற்றித் தெரியவில்லை.

மூன்றாம் தேதி கட்டாயம் வந்துவிடு. மறக்காதே.

அக்கா

&nbsp;

கிளீவ்லண்ட்
அக்டோபர் 17

ஆர்லிஸ்,

நலம் விசாரிக்கிற மனநிலையில் நான் இல்லை.

சோயா அறுத்தாயிற்று என்று நீயே எழுதுகிறாய். அதே காகிதத்தில், மான் சோயா இலையைக் கடிக்கிறது என்றும் எழுதுகிறாய். எந்த இலையை? அறுத்த வயலில் அவன் எதைக் கடித்துக்கொண்டு நிற்கிறான், கட்டையையா? அதுவும் போகட்டும். அக்டோபர் பாதியில் மூன்று கடா ஒற்றுமையாக மேய்கிறதாம்! கோடையில் தோள் உரசிக்கொண்டு திரிகிற கடாக்கள் இந்நேரத்துக்கு ஒன்றின் முகத்தில் ஒன்று விழிக்காது. நானும் அவரும் மாதிரி. நீ ஆகஸ்டில் பார்த்ததையே திருப்பித் திருப்பி எனக்குப் பரிமாறிக்கொண்டிருக்கிறாய்.

கிழிகாதன் செத்துவிட்டான். அடித்தது யாரென்று நான் கேட்கப்போவதில்லை. மேட்டுக்குப் போகவே இல்லையாம், அது நிஜமாம்! வயலிலேயே அடித்திருப்பார். என்னைத் தவிர அந்த ஊரே சிரித்திருக்கும். நீயுமா, அக்கா?

லீவைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். இந்த வருஷம் வரவில்லை.

கேலன்

&nbsp;

ப்ளூம் க்ரீக்
அக்டோபர் 22

கேலன்,

ஆமாம், செத்துவிட்டான். முதல் நாளே செத்துவிட்டான். அப்பாதான் அடித்தார், வீட்டுச் செருப்போடு. நான் பொய் சொன்னேன். அதற்கு என்ன இப்போது?

உனக்கு மான் இருந்தால்தான் வீடா? நான் யார், உனக்கு மான் பார்த்துச் சொல்ல வைத்த வேலைக்காரியா? அவருக்கு எதிலும் அவசரம், உனக்கு எதிலும் பொறுமை, நடுவில் ஒருத்தி விடிந்தால் அடைந்தால் மாட்டுக்கடியில் குனிந்து கிடக்கிறாளே, அவளுக்கு எது சீசன்? வா என்று உன்னைக் கூப்பிட முடியாதபடி என் வாயைக் கட்டிவைத்திருக்கிறது. அதற்கு மேல் எழுத முடியாது. எழுதவும் மாட்டேன். நீ கப்பலிலேயே உறைந்து போ.

ஆர்லிஸ்

&nbsp;

ப்ளூம் க்ரீக்
அக்டோபர் 29

லவோன் சித்திக்கு,

உங்கள் மூட்டு எப்படி இருக்கிறது? நான் ஐந்து நாளாகக் காலையில் ஏழு மணிவரை தூங்குகிறேன். காரணத்தைச் சொல்கிறேன்.

கேலன் வரமாட்டேன் என்று எழுதிவிட்டான். ஆத்திரத்தில் நானும் கன்னாபின்னாவென்று ஒரு கடிதம் எழுதிப் போட்டேன். இன்று அது திரும்பி வந்திருக்கிறது, பிரிக்காமலே. உறையின் மேல் தபால் படகுக்காரர், 'ஆள் கப்பலில் இல்லை' என்று எழுதியிருக்கிறார். கிறுக்கல் இல்லாத நல்ல எழுத்து.

எப்படி இருப்பான்? வெள்ளிக்கிழமை சாயங்காலமே இங்கே வந்துவிட்டானே! நான் கறவையில் இருந்தேன். பின்னால் யாரோ ரப்பர் பூட்ஸோடு நடந்து வந்து, என் கையிலிருந்த குழாயை வாங்கி அடுத்த மாட்டுக்கு மாட்டினார்கள். அப்பா என்று நினைத்துத் திட்ட வாயெடுத்தேன், இவன் நிற்கிறான்.

கடிதத்தை வாளியில் இறக்கிவிட்ட பிறகுதான் யோசித்தானாம். அக்காவுக்கு மானைப் பற்றி என்ன கவலை, இவள் ஏன் மெனக்கெட்டுப் பொய் எழுதுகிறாள் என்று. அடுத்த துறைமுகத்தில் இறங்கி பஸ் ஏறிவிட்டான்.

அப்பா கொட்டகைக்கு வந்தார். அவனைப் பார்த்ததும் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார்.

"கிழிகாதன் செத்துட்டான்" என்றார். "நான்தான் அடிச்சேன்."

"தெரியும்."

"அப்புறம் எதுக்கு வந்தே? இன்னும் நவம்பரே பொறக்கலையே!"

"எல்லாத்துக்கும் நவம்பர் வரைக்கும் காத்துட்டிருக்க முடியாது" என்றான், மாட்டைவிட்டுத் தலையைத் தூக்காமலே.

அப்பா என் பக்கம் திரும்பினார். "நீ எழுதினியா?"

"அவ எங்க எழுதினா?" என்று கேலன் குறுக்கே விழுந்தான். "அவளுக்குப் பொய்யும் ஒழுங்கா எழுத வரல. நீங்க வில்லோட இழுவையைத் தளர்த்திட்டீங்க. வருஷா வருஷம் மொத ஆளா மேட்டுல ஏறுறவரு, இந்தத் தடவை ஏறவே இல்ல. ரெண்டு வேளையும் அக்கா கறக்கறா. மான் தடம் பாக்கத் தெரிஞ்சவனுக்கு அப்பன் தடம் பாக்கத் தெரியாதா? எங்க வலிக்குது, சொல்லுங்க."

அப்பா மாட்டு வரிசையைப் பார்த்துக்கொண்டே நடந்தார். எனக்குப் பயமாக இருந்தது, இதையும் 'கூப்பிட்டு வந்தது' என்று கணக்குப் பண்ணிவிடுவாரோ என்று. வரிசையின் நடுவில் நின்று, "எட்டாவது மாட்டுக்கு எடது பின்காம்பு புண்ணு. பாத்து மாட்டு" என்றார். பிறகு வீட்டுக்குப் போய்ப் பெட்டியில் அவராகவே சட்டைகளை எடுத்து வைத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை ஆபரேஷன். பிரார்த்தனை பண்ணுங்கள், சித்தி.

ஆர்லிஸ்

&nbsp;

ஆஸ்பத்திரி, லா க்ராஸ்
நவம்பர் 6

கேலனுக்கு,

நர்ஸ் காகிதமும் பேனாவும் கொடுத்து, சும்மா படுத்திருக்கிறவர்களை நச்சரிக்காமல் எதையாவது எழுதுங்கள் என்றாள். நெஞ்சைத் திறந்து மூடிவிட்டார்கள். இருமினால் உயிர் போகிறது, மற்றபடி போகவில்லை. கஞ்சியில் உப்பு கிடையாது. உன் முதுகு எப்படி இருக்கிறது என்று விசாரிக்கச் சொன்னாள் ஆர்லிஸ். விசாரித்துவிட்டேன்.

ஒரு விஷயம். கிழிகாதன் தவிர இன்னொருவன் இருக்கிறான். ஓடைக்கு அப்பால், வடக்கு மேட்டில். கிழிகாதனைவிடப் பெரியவன். ஜூன் மாதம் ஓடைக்கு இந்தப் பக்கமிருந்து ஒரே ஒரு தடவை பார்த்தேன். யாரிடமும் மூச்சுவிடவில்லை, எனக்கென்று வைத்திருந்தேன். ஆகஸ்டில் ஏறிப் பார்த்தேன், பாதி வழியில் உட்கார்ந்துவிட்டேன். அதனால்தான் வயலும் முக்காலியும்.

அதற்கு மேலே இந்த வருஷம் ஒருத்தனும் கால் வைக்கவில்லை. என் வாடைகூடக் கிடையாது. அதற்காகக் கறவை முடிந்த கையோடு இன்றைக்கே ஓடாதே. நீ அவசரக்காரன், அக்டோபரிலேயே வந்து நின்றவன். பத்தாம் தேதி போகட்டும். வடமேற்குக் காற்று அடிக்கிற நாளாகப் பார். பெட்டையின் பின்னால் வருவான், பகலிலேயே வருவான். பொறுமையாக உட்கார்.

நீ சொல்வது சரி என்று நான் எழுதவில்லை. இந்த ஒரு மானுக்கு மட்டும்.

அடித்தால் இதயத்தை ஃப்ரீசரில் எடுத்து வை. நான் வீட்டுக்கு வருகிறவரை யாரும் வறுக்கக் கூடாது. வெண்ணெய் இல்லாமலே தின்கிறேன்.

இப்படிக்கு,
ஓர்வின் த்வெய்டன்
உன் அப்பா